அப்டேட்டுக்குப் பிறகு எழாத பழைய லேப்டாப்: பழையதை மீட்பதா, புதிதாக ஏற்றுவதா, டிஸ்க்கையே மாற்றுவதா?

ராத்திரி அப்டேட் ஓடவிட்டு மூடிய லேப்டாப், காலையில் கம்பெனி லோகோவோடு நின்றுவிடுகிறது. இல்லையென்றால் நீலத்திரை வந்து, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி நீலத்திரை. இங்கே பேசுவது 2013 முதல் 2018 வரை வாங்கிய இயந்திரங்களைப் பற்றி: இன்டெல் நான்காம் தலைமுறையிலிருந்து எட்டாம் தலைமுறை வரை, 4 ஜிபி ராம், 500 ஜிபி அல்லது 1 டிபி சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, அல்லது வம்படியாக ஏற்றிய விண்டோஸ் 11.

இவற்றுக்கு நான்கு வழிகள் உண்டு. அப்டேட்டைக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குப் போவது, அதே டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது, எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி அதில் ஏற்றுவது, விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போவது. நேரமும் காசும் ஒவ்வொன்றுக்கும் மாறும். ஆனால் எதை எடுப்பது என்பதை, அந்த வழி பாதியில் சொதப்பினால் உள்ளே இருக்கும் போட்டோ, கணக்கு, பத்திர ஸ்கேன் என்ன ஆகும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், சுழலும் டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு எஸ்எஸ்டிதான் பெரும்பாலும் சரியான விடை. அப்டேட்டைக் கழற்றுவதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கிப் பார்க்கலாம். அதே பழைய டிஸ்க்கில் புதிதாக ஏற்றுவது, பலரும் முதலில் செய்கிற, இருப்பதிலேயே மோசமான தேர்வு.

முதலில் "ஆன் ஆகவில்லை" என்றால் என்ன?

விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை, லோகோ கூட வரவில்லை என்றால் அது விண்டோஸ் பிரச்சினை இல்லை. மேலே சொன்ன நான்கில் எதுவும் அதற்கு உதவாது. அதைக் கடைசியில் பார்ப்போம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் போட்டு ஒருமுறை ஆன் செய்து பார்ப்பது மட்டும் எல்லோரும் செய்யலாம்.

லோகோ வருகிறது, அதற்குப் பிறகு நிற்கிறது என்றால் மேற்கொண்டு படியுங்கள். கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது என்றால் விண்டோஸ் எழுந்துவிட்டது, டிஸ்ப்ளே டிரைவர்தான் விழுந்திருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் நிலை) போய், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே டிரைவரை முந்தைய பதிப்புக்கு மாற்றினால் போதும்.

திரையில் "வொர்க்கிங் ஆன் அப்டேட்ஸ்" என்று சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். 4 ஜிபி ராமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள இயந்திரத்தில் பெரிய அப்டேட் இரண்டு மூன்று மணி நேரம் கூட இழுக்கும். சதவீதம் நகராவிட்டாலும் டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். விளக்கும் அணைந்து, டிஸ்க் சத்தமும் இல்லாமல் வெகுநேரம் கிடந்தால்தான் பவர் பட்டனுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, எதையும் நோண்டுவதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. அது செத்தால் பல மாடல்களில் பயாஸ் அமைப்புகள் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க்கோடு பேசும் விதமான சாட்டா முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறலாம், விண்டோஸைத் தொடங்கும் விதம் பழைய லெகசியிலிருந்து புதிய யுஇஎஃப்ஐ ஆகலாம். உடனே "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத்திரை வரும், இல்லையென்றால் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" வரும். அப்டேட்டுக்காக இயந்திரம் ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் இது நடப்பதால் பழி அப்டேட் மேல் விழும். 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள், பழைய அமைப்புகளை மறுபடி வையுங்கள். சில மாடல்களில் இது ஒயரும் கனெக்டரும் வைத்துச் சுற்றிய உறைக்குள் இருக்கும். கனெக்டரோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

டிஸ்க்கின் உடல்நிலைதான் வழியைத் தீர்மானிக்கும்

அப்டேட் என்பது டிஸ்க்குக்குக் கடும் வேலை. ஆயிரக்கணக்கான சிஸ்டம் ஃபைல்களைப் புதிதாக எழுதி, பழையதையும் ஒதுக்கி வைக்கிறது. தினமும் பிரவுசரும் எக்செலும் திறந்தபோது வெளியே தெரியாத கெட்ட செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டம்), அன்றைக்குத்தான் கண்ணில் படும். பழைய லேப்டாப்பில் அப்டேட் கெடுத்துவிட்டது என்று வருகிற பலவற்றில், டிஸ்க் முன்பே போய்க்கொண்டிருந்திருக்கும்.

இதைச் சோதிக்க விண்டோஸ் வேண்டாம். ஹெச்பியில் ஆன் செய்ததும் எஸ்கேப் தட்டி எஃப்2, டெல்லில் எஃப்12 தட்டி டயக்னாஸ்டிக்ஸ். உள்ளேயே டிஸ்க் சோதனை இருக்கும். இன்னும் தெளிவாகத் தெரிய, வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் பென் டிரைவ் ஒன்று தயாரித்து, நிறுவாமல் அதிலிருந்தே நேரலையாக எழுப்பி (பூட் செய்து), டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) திறங்கள். பார்க்க வேண்டியவை மூன்று வரிகள்: 5, 197, 198. ஐந்து என்பது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 படிக்கவே முடியாதவை. 197 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் எந்த ரிப்பேரும் ஓட்டாதீர்கள். குறிப்பாக, விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை "ஆர்" ஸ்விட்ச்சோடு ஓட்டினால், அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கப் பார்க்கும். சாகப்போகிற டிஸ்க்குக்கு அந்த மணிக்கணக்கான ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடும். அதே லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நகல் நடுவில் தொங்கினால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும்.

டிரைவைத் திறந்தால் பூட்டுப் படம் தெரிந்தாலோ, 48 இலக்க எண் கேட்டாலோ அது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு பல இயந்திரங்கள் காரணமில்லாமல் இந்தத் திரையைக் காட்டின. எண் பெரும்பாலும் லேப்டாப்பில் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்தே எடுக்கலாம். வீட்டில் யாருடைய மின்னஞ்சலை வைத்து முதலில் லேப்டாப்பை அமைத்தார்கள் என்பதை நினைவுபடுத்துவதுதான் கஷ்டம். அந்த எண் கிடைக்காவிட்டால் எந்தக் கடையிலும் டேட்டா கிடைக்காது. கிடைக்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

அப்டேட்டைக் கழற்றுவது

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இது முதல் முயற்சி. காசு செலவில்லை, செயலிகள் எல்லாம் அப்படியே இருக்கும். லோகோ வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதை மூன்று தடவை செய்தால் விண்டோஸே மீட்புத் திரைக்குப் போகும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். உள்ளே இரண்டு தேர்வுகள்: மாதாந்தர அப்டேட்டுக்கு "குவாலிட்டி", பதிப்பே மாறியிருந்தால் "ஃபீச்சர்". ஃபீச்சர் அப்டேட்டைத் திரும்பப் பெறச் சாதாரணமாக 10 நாள்தான் அவகாசம். அதற்குள் டிஸ்க் க்ளீனப்பில் விண்டோஸ் ஓல்டு ஃபோல்டரை அழித்திருந்தால் அதுவும் கிடையாது.

"முடியவில்லை" என்று திரும்பி வந்தால், பெரும்பாலும் அப்டேட் பாதி ஏறி, மீதி அடுத்த பூட்டுக்குக் காத்திருக்கும் நிலை. அதற்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்தான் வழி. முதலில் டிஸ்க் பகுதிகளைக் காட்டும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து வால்யூம் பட்டியலைப் பாருங்கள். மீட்புத் திரையில் உங்கள் சி டிரைவ் டி-யாகவோ இ-யாகவோ தெரியும். இதைப் பார்க்காமல் இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே அடிப்பதுதான் பலரும் தோற்கும் இடம். சரியான எழுத்து தெரிந்ததும், விண்டோஸைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையில் இமேஜ் என்ற இடத்தில் அந்த டிரைவையும், க்ளீனப் இமேஜ், ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ் என்ற இரண்டு ஸ்விட்ச்களையும் கொடுங்கள். பாதியில் நின்றதை அது ரத்து செய்யும். லோகோவுக்கே போகாமல் "பூட் மேனேஜர்" பிழை வந்தால், பூட் ஃபைல்கள் கெட்டிருக்கின்றன. யுஇஎஃப்ஐ இயந்திரத்தில், அவற்றைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளை "ஆக்ஸஸ் டினைடு" என்று முரண்டு பிடிக்கும். அதோடு மல்லுக்கட்டாமல், சுமார் 100 எம்பி அளவுள்ள, பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் மூலம் புதிதாக எழுதுவது சுருக்கமான வழி.

மீட்புத் திரையே வரவில்லையா? 8 ஜிபி பென் டிரைவில் மீடியா க்ரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" அழுத்துங்கள். அதே மெனு கிடைக்கும். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட், மீட்புத் திரையில் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்க வைத்தது. ஆறு நாளில் திருத்தம் வந்தது, ஆனால் எழாத இயந்திரத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு பெரும்பாலும் வேறு இணைப்பில் ஓடுவதால் அது வேலை செய்தது. கீபோர்டு பழுதாகி வெளிக் கீபோர்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் பென் டிரைவ் தேவைப்பட்டது.

ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒருமுறை ஓட்டினால் போதும், ஐந்தாம் முறை புதிதாக எதுவும் கண்டுபிடிக்காது. சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளி இருந்தால் அதிர்ஷ்டம். பல இயந்திரங்களில் அது அணைத்தே கிடக்கும்.

உள்ளே போனவுடன் அப்டேட்டை 35 நாளுக்கு நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவே அதே அப்டேட் திரும்ப ஏறும். அந்த இடைவெளியில் சி டிரைவில் 20 ஜிபியாவது காலி செய்து, காலாவதியான ஆன்ட்டிவைரஸைக் கழற்றி, சாட்டா, டிஸ்ப்ளே டிரைவர்களைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

அதே டிஸ்க்கில் புதிதாக ஏற்றுவது

இதில் இரண்டு வகை. மீட்புத் திரையில் உள்ள "ரீசெட் திஸ் பிசி", அல்லது பென் டிரைவிலிருந்து சுத்தமாக ஏற்றுவது. ரீசெட்டில் "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைப் பார்த்ததும் எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் இருக்கும். ஆனால் நீங்கள் நிறுவிய செயலிகள் அத்தனையும் போகும், ஆப்டேட்டா ஃபோல்டரில் இருப்பவையும் போகும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அங்கேதான் இருக்கின்றன. தமிழில் டிடிபி வேலை செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பு: பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால் அவையும் அழியும். ஃபைல் இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முன்பே தனியாக நகல் எடுத்து வையுங்கள்.

ரீசெட் நடுவில் தோற்பதும் சாதாரணம். மீட்புப் பகுதி கெட்டிருந்தாலோ, டிஸ்க்கில் இடம் இல்லாவிட்டாலோ, பாதி தூரம் போய் நின்றுவிடும். 2025 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10-லும் பழைய 11 பதிப்புகளிலும் ரீசெட்டே தோற்றது. மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. ஆகவே இரண்டில் ஒன்று என்றால் பென் டிரைவ் வழி மேல். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். அது மதர்போர்டோடு கட்டியது, "என்னிடம் கீ இல்லை" என்று சொல்லி அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பை ஏற்றினால் இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கடையில் கொடுத்தால் "சி மட்டும் ஃபார்மட், டி-யைத் தொடக்கூடாது" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆனாலும் கேள்வி நிற்கிறது: ஏழெட்டு வருடம் சுற்றிய டிஸ்க்கில் மறுபடி ஏன்? சுத்தமான விண்டோஸும் அதில் ஆமை வேகத்தில்தான் ஓடும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால் மட்டுமே இந்த வழிக்கு அர்த்தம் இருக்கிறது.

எஸ்எஸ்டி மாற்றி ஏற்றுவது

இந்த வழியின் பெரிய லாபம் வேகம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரியது, பழைய டிஸ்க் தொடப்படாமல் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. என்ன சொதப்பினாலும் டேட்டா அங்கேயே இருக்கும்.

வாங்குமுன் எந்த வகை என்று பாருங்கள். இந்தத் தலைமுறையில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா. எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன், பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் உள்ளே ஆடும். எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் சரியாகும். எம்.2 இடம் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால், அது சாட்டாவா என்விஎம்இ-யா என்று மாடல் மேனுவலில் உறுதி செய்யுங்கள். உருவம் ஒன்றுபோல இருக்கும், ஒன்று மற்றொன்றின் இடத்தில் வேலை செய்யாது. பொதுவாக ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா. 240 அல்லது 256 ஜிபி போதும், பழைய டிஸ்க் நன்றாக இருந்தால் போட்டோக்களை அதிலேயே விட்டுவிடலாம்.

பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகுதான் டிஸ்க்கைத் தொட வேண்டும். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தை, அதன் நான்கு ஸ்க்ரூவோடு, புதியதற்கு மாற்றுங்கள். கீபோர்டைத் தூக்கித்தான் உள்ளே போக முடியும் என்ற மாடல்களில், தட்டை ரிப்பன் கேபிளை இழுக்காமல் அதன் தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்துங்கள். அது உடைந்தால் கீபோர்டு போச்சு. லேப்டாப்பில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஏற்றும்போது ஒன்றைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் ஒன்றிலும் பூட் ஃபைல்கள் மற்றதிலும் உட்கார்ந்துவிடும், பிறகு பழையதைக் கழற்றிய அன்று புதியதும் எழாது.

பழையதை அப்படியே புதியதற்கு முழு நகலாக மாற்றுவது, அதாவது க்ளோன் செய்வது, இங்கே வேண்டாம். எழாத விண்டோஸை க்ளோன் செய்தால் எழாத விண்டோஸ்தான் கிடைக்கும். புதிதாக ஏற்றி, பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேசிங்கில் போட்டு, யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அனுமதி கேட்டால் கன்டின்யூ கொடுத்து வேண்டியதை எடுங்கள். சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் நேரத்தில் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். யூஎஸ்பி 2 வாயில் தருவது 0.5 மட்டும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், யூஎஸ்பி 3 வாயிலோ இரட்டைத் தலைக் கேபிளோ போட்டுப் பாருங்கள். திறந்திருக்கும்போதே ராமையும் 8 ஜிபி ஆக்கிவிடலாம். நான்காம், ஐந்தாம் தலைமுறைக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் திரையே வராது.

எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். இன்டெல்லில் விண்டோஸ் 11 ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும். சோதனையைத் தாண்டி ஏற்றலாம், ஓடவும் ஓடும். ஆனால் வருடாந்தரப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். கோர் 2 டுயோ காலத்து இயந்திரத்தில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அந்தப் ப்ராசசரில் அதற்குத் தேவையான பாப்கவுன்ட் கட்டளை இல்லை. எந்த ரிப்பேரும் அதற்கு மருந்தில்லை.

லினக்ஸ்

பிரவுசர், யூடியூப், கடிதம், பிள்ளைகள் படிப்பு என்ற அளவில் இருந்தால், ஏழாம் தலைமுறைக்கு முந்தைய இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட் 22 நேர்மையான விடை. 2 ஜிபி ராமிலும் எழும், 4 இருந்தால் சுகம். 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99, ஃபொனடிக் இரண்டு விசைப்பலகைகளும் கிடைக்கும். நேரலைப் பென் டிரைவிலேயே வைஃபை, சவுண்டு, கேமரா மூன்றையும் சோதித்துவிட்டு ஏற்றுங்கள். பிராட்காம் வைஃபை என்றால் போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவர் மேனேஜரை ஓட்ட வேண்டியிருக்கும். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அன்றாடத் தேவை என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஏற்கெனவே விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருப்பவர்கள், அரசின் விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸோடு பழகியவர்கள் உட்பட, ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் சில சமயம் லினக்ஸ் பக்கத்தை மட்டும் முடக்கும். 2024 ஆகஸ்டில் அப்படி நடந்தது: "ஷிம் எஸ்பேட்" என்ற பூட் பாதுகாப்புச் சோதனை தோற்றதாகச் செய்தி காட்டி இயந்திரம் அணைந்தது. பயாஸில் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் அமைப்பு) என்பதை அணைத்தால் லினக்ஸ் எழும். அதற்காக ஃபார்மட் செய்தவர்கள் வீணாகச் செய்தார்கள்.

லோகோவே வராதவை

அப்டேட்டோடு பயாஸும் சேர்ந்து வந்து, அது பாதியில் அறுந்திருக்கலாம். ஹெச்பியில் விண்டோஸ், பி இரண்டையும் பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்தி விடுங்கள், ஆனால் அந்த இரண்டு விசைகளையும் விடாமல் ஒரு நிமிடம் வரை காத்திருங்கள். 2015 கடைசிக்குப் பிறகு வந்த பல டெல் மாடல்களில், கன்ட்ரோல், எஸ்கேப் பிடித்தபடி சார்ஜரைச் செருகினால் பயாஸ் மீட்புத் திரை வரும்.

வராவிட்டால் சிப் லெவல் வேலை செய்யும் கடைதான். சென்னையில் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எட்டுக் கால் பயாஸ் சிப்பில் க்ளிப் மாட்டி, ப்ரோகிராமர் என்ற கருவியால் மறுபடி எழுதுவார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சிப் 1.8 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா என்று பார்த்தீர்களா? சாதாரண ப்ரோகிராமர் அதிக வோல்ட்டேஜ் கொடுத்து 1.8 வோல்ட் சிப்பைக் கொன்றுவிடும். எழுதுமுன் பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமித்தீர்களா? சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு லேப்டாப்பின் ஃபைலை அப்படியே எழுதினால் இயந்திரம் எழும், ஆனால் லைசென்ஸ் போய்விடும். "மதர்போர்டு மாற்ற வேண்டும்" என்று சொன்னால், இந்த வயதுக்கு அந்தச் செலவு தேறாது. பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். எப்படியானாலும் கடையில் கொடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பயாஸ் எழுதுகிறவருக்கு அது தேவையே இல்லை.